சாயல் சான்றிதழ்

அந்த நிலையத்தின் மீது முத்துராணிக்கு முதல் சந்தேகம் வந்தது அதன் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுதான். வண்ணார்பேட்டையில் கடைப்பலகை என்றால் பஸ்ஸில் போகிறபோதே படித்து முடித்துவிடலாம். இது அப்படியில்லை. 'இரண்டாம் மொழி கற்றல் கற்பித்தலில் சமூகப் பண்பாட்டுத் தாக்கங்கள் ஆய்வு, அளவீடு மற்றும் சான்றளிப்பு நிலையம்' என்று மாடி முழுக்க நீண்டு, கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் போதாமல் பக்கத்துச் செருப்புக்கடையின் எல்லைக்குள் கால் வைத்திருந்தது. இத்தனை நீளமாகப் பெயர் வைக்கிறவர்கள் எதையோ பொத்தி வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கடையில் 'முத்துராணி மெஸ்' என்று இரண்டே சொல்தான். மிச்சத்தை வாசனை சொல்லிவிடும்.

அவள் மாடியேறியது தனக்காக இல்லை, பிகாஷுக்காக. ஒடிசாக்காரன். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தபோது தண்ணி என்ற சொல்கூட அவனுக்குத் தெரியாது. இப்போது காய்கறி மார்க்கெட்டில் பேரம் பேசுகிறான், சில்லறை கேட்கிற கண்டக்டரிடம் சண்டை பிடிக்கிறான், முத்துராணிக்குக் காய்ச்சல் என்றால் மெஸ்ஸை ஒற்றை ஆளாக ஓட்டுகிறான். படுக்கை மெஸ்ஸின் பின்னறையில். அவன் மனைவி சுமித்ராவும் ஆறு வயது மகளும் ஜூன் முதல் வாரம் ரயிலேறி வருகிறார்கள். பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு வீடு வேண்டும்.

வீடு இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஞானம்பாள் அம்மாளின் பின்கட்டு காலியாகக் கிடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மெஸ்ஸிலிருந்து வாரம் இரண்டு நாள் தோசைமாவு வாங்குகிறவர், தங்கமான மனுஷி. அவரிடம் முத்துராணி பேச்செடுத்தாள்.

"ஆளு நல்ல ஆளுன்னு நீ சொல்லுதே, நான் நம்புதேன். ஆனா யாருன்னு தெரியாண்டாமா?" என்றார் ஞானம்பாள்.

"ஒடிசாக்காரன்னு சொன்னேம்லாம்மா."

"அது ஊரு. நான் ஊரைக் கேக்கல."

எதைக் கேட்கிறார் என்று முத்துராணிக்குத் தெரியும். தெரியாதவள்போல நின்றாள். ஞானம்பாளும் படித்தவர், அந்தக் கேள்வியை வாயால் கேட்கிற ரகமில்லை. கடைசியில் ஞானம்பாள்தான் வழி சொன்னார்.

"மாடியில ஒரு நிலையம் வந்திருக்குல்லா. வெளியூர்க்காரவியளுக்குத் தமிழ்ப் பரீட்ச வச்சு சான்றிதழ் குடுக்காவ. அதுல ஏழாவது கட்டத்துல எல்லா விவரமும் இருக்குமாம். இப்ப வீட்டுக்காரங்க எல்லாரும் அதத்தான் கேக்குதாவ. வாங்கிட்டு வரச் சொல்லு. மே மாசம் முடிய வேற யாருக்கும் வீட்டக் குடுக்க மாட்டேன்."

ஏழாவது கட்டத்தின் தலைப்பு 'பேச்சுச் சாயல்'.

நிலையத்தின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தது: 'இங்கு யாரிடமும் சாதி கேட்கப்படுவதில்லை.' அதற்கு நேர் கீழே கள ஆய்வாளர் சித்ரலேகா நாற்பத்தாறு கேள்விகள் கொண்ட படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்வி பிகாஷுக்கு. யாரிடம் தமிழ் கற்றீர்கள்?

"அக்காட்டதான்," என்று அவன் முத்துராணியைக் காட்டினான். அவ்வளவுதான், மிச்சம் நாற்பத்தைந்து கேள்வியும் முத்துராணியின் பக்கம் திரும்பிவிட்டன. ஒருவன் பேசுகிற தமிழ் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், கொடுத்தவர் எங்கிருந்து வந்தார் என்று முதலில் தெரிய வேண்டுமாம். அவர்கள் கணக்கில் முத்துராணி 'மொழி வழங்குநர்'.

"சொந்த ஊர் எதுக்கா?"

"ஆழ்வார்குறிச்சி."

"ஊருக்குள்ளயா, தள்ளியா?"

"ஆழ்வார்குறிச்சிதான்."

"எந்தத் தெரு?"

"தெருப் பேரெல்லாம் மாத்திட்டாவ."

"மாத்துறதுக்கு முன்னால?"

"அப்ப நான் சின்னப்புள்ள."

"ஆத்துல எந்தப் படித்துறையில குளிப்பீங்க?"

"தண்ணி கெடக்க படித்துறையில."

சித்ரலேகா கோபப்படவில்லை. பயிற்சி பெற்றவள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கனிவாகச் சொன்னாள். "நாங்க சாதி கேக்கலக்கா. மேல போர்டு இருக்கு பாருங்க. படித்துறைதான் கேக்கோம். ஒரு மொழி எந்தத் தண்ணியில வளர்ந்துச்சுன்னு பாக்கது ஒரு முறை." முத்துராணி போர்டைப் பார்த்தாள். ஒன்றைக் கேட்பதில்லை என்று சட்டம் போட்டு மாட்ட வேண்டிய தேவை எங்கே வரும் என்று யோசித்தாள். அவள் மெஸ்ஸில் 'இங்கு யார் பாக்கெட்டிலும் கைவிடப்படுவதில்லை' என்று எழுதி வைத்தால் சாப்பிட எவன் வருவான்? ஆனாலும் பிகாஷின் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்தது கேட்பு ஆய்வு. இயக்குநர் முனைவர் குற்றாலலிங்கம், தேர்வாளர் நடராஜ், சித்ரலேகா மூவரும் வரிசையாக உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள். ஆளைப் பார்த்தால் தீர்ப்பு கெட்டுவிடுமாம், குரல் மட்டும்தான் கணக்கு. பிகாஷ் ஐந்து நிமிடம் மழையைப் பற்றிப் பேச வேண்டும். அவன் மெஸ்ஸுக்குள் வெள்ளம் புகுந்த கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். தண்ணீர் வடிந்ததைச் சொல்லிவிட்டு "ஸ்தோத்திரம்" என்று ஒரு பெருமூச்சு விட்டான். நடராஜ் ஒரு கண்ணைத் திறந்து எதையோ எழுதினார். அன்றைக்குப் பசியோடு வந்தவர்களுக்கு மீன் ஆணம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னான். நடராஜ் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மறுநாள் சொதி வைத்ததாகச் சொன்னதும் குற்றாலலிங்கமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஸ்தோத்திரம் ஆட்டோ ஓட்டுகிற எலியேசரிடமிருந்து வந்தது. குழம்பை ஆணம் என்பது மெஸ்ஸுக்கு முட்டை போடுகிற ஆபிதா பீவியிடமிருந்து. சைவ வீடுகளில் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி மெஸ்ஸின் ஞாயிற்றுக்கிழமை மெனு. முத்துராணி இதைச் சொல்ல வாயெடுத்தாள். குற்றாலலிங்கம் கையமர்த்தினார்.

"தம்பி, நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம எங்களுக்குப் புரிஞ்சுது. சிக்கலே அதுதான். பேச்சு புரியுது, ஆளு புரியல."

பேச்சு புரிந்தால் போதாதா என்று முத்துராணி கேட்டாள். குற்றாலலிங்கம் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "பேச்சு புரியதுக்கு எதுக்கும்மா ஒரு நிலையம்?"

அந்த வாரமே சித்ரலேகா மெஸ்ஸுக்கு வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தாள். மூன்று நாள் கள ஆய்வு. யார் பிகாஷிடம் பேசினாலும் நேரம் பார்த்து ஒரு கோடு போட்டாள். எந்தச் சொல் யாரிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது என்று வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் நாள் சாப்பிட வந்தவர்கள் அவளை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்து இலையைக்கூட மடக்காமல் எழுந்து போனார்கள். இரண்டாம் நாள் வருமான வரி என்று பேச்சு அடிபட்டது. மூன்றாம் நாள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. நம் பேச்சை வைத்து நாம் யாரென்று எழுதுகிறாள். அதன் பிறகு மெஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறந்து இயல்பாகப் பேசவில்லை.

பதினைந்து வருடமாக "ரெண்டு தோச போடுக்கா" என்று சொல்லி வந்த எலியேசர், மூலை மேஜையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "எனக்கு மேலும் இரண்டு தோசைகள் வழங்குங்கள்" என்றான். பக்கத்து இலைக்காரர் "சட்னி சிறிது தேவைப்படுகிறது" என்றார். செய்தி வாசிக்கிறவர்களெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆபிதா பீவி முட்டைத் தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு, எத்தனை என்று விரலால் காட்டிவிட்டுப் போனாள். பிகாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்குத் தமிழ் மறந்துபோய்விட்டதோ என்று பயந்துபோனான்.

"அக்கா, எல்லாரும் ஏன் இப்படிப் பேசுதாவ?"

"பயத்துலலே."

"என்ன பயம்?"

முத்துராணி தோசையைத் திருப்பிப் போட்டாள். அவன் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது என்று நினைத்தாள்.

மே பத்தாம் தேதி கருத்தரங்கம். பிகாஷை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவன் பூரித்துப்போய் முத்துராணியைத் தேடிக் கையாட்டினான். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரையில் அவனுடைய வரைபடம் விழுந்தது. நடுவில் பிகாஷ், சுற்றிலும் ஆட்டோ, முட்டை, தோசை, பஸ் நிலையம் என்று அம்புக்குறிகள் பாய்ந்து வந்தன. குற்றாலலிங்கம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பர்களே, மொழி என்பது வெறும் கருத்துப் பரிமாற்றக் கருவி என்று மேல்நாட்டார் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தாமிரபரணி தெரியாது. நம் பகுதியில் ஒருவர் 'வாங்க' என்று சொன்னாலே போதும், அவர் யார், எவர், அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்பது வரை நமக்கு விளங்கிவிடும். இத்தகைய நுட்பம் உலகில் வேறு எந்த மொழிக்கு உண்டு? நாங்கள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம், சட்டப்படி குற்றமும்கூட. கேட்காமலே தெரிந்துகொள்வதை ஓர் அறிவியலாக வளர்த்திருக்கிறோம். அந்த அறிவியலுக்கு இந்தத் தம்பி ஒரு சவால். இவர் எல்லாரிடமும் பேசியிருக்கிறார். எல்லாரும் இவரிடம் பேசியிருக்கிறார்கள். யாராவது ஒருவரிடம் ஒழுங்காகக் கற்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா? இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர், சாயல் கலப்பு."

கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் ஞானம்பாள் அம்மாளும் தட்டிக்கொண்டிருந்தார். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து பிகாஷும் தட்டினான். அதைப் பார்த்தபோது முத்துராணிக்கு எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் வீடு? பிள்ளையின் பள்ளிக்கூடம்? உட்கார்ந்தே இருந்தாள்.

மே இருபதாம் தேதி வாய்மொழித் தேர்வு. அறிமுகமில்லாத ஒருவரோடு உரையாடலைத் தொடங்கி நடத்த வேண்டும். நடராஜ்தான் அறிமுகமில்லாதவர். பதினைந்து நாளாக அவரைத் தெரியும் என்றாலும் தெரியாதவன்போல பிகாஷ் வணக்கம் வைத்தான்.

"சாப்டீயளா சார்?"

"சாப்பிட்டேன்."

"வெயில் சாஸ்தியா இருக்கு, இல்லையா சார்?"

"ஆமா."

"மோர் குடிக்கியளா?"

நடராஜ் காத்திருந்தார். பிகாஷும் காத்திருந்தான். அவனுக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. சாப்பிட்டவருக்கு மோரும் கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன? மணி அடித்தது. உச்சரிப்புக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு, சொல்வளத்துக்குத் தொண்ணூறு, சமூகப் பண்பாட்டுத் திறனுக்குப் பூஜ்யம். தேறவில்லை.

குற்றாலலிங்கம் முத்துராணியைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். "ஏம்மா, நம்ம ஆளுக ரெண்டு பேரு பஸ்ஸில பக்கத்துல பக்கத்துல உக்காந்தா, பாளையங்கோட்டை வாரதுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் முழுசாத் தெரிஞ்சிக்கிடுவாவளா இல்லையா? இவரு அஞ்சு வருசமா இருக்காரு. மோரோட நிப்பாட்டிட்டாரே. சொல்லுக எல்லாம் இருக்கு. எதுக்குப் பேசுதோம்ங்கது தெரியல. பத்து நாள் எங்ககிட்ட விட்டுப் பாருங்க. ஆனா அந்தப் பத்து நாளும் மெஸ்ஸில யார்கிட்டயும் பேசப்படாது. கலப்பு வந்துரும்."

அவரை நம்பலாமா என்று முத்துராணி யோசித்தாள். நம்பவில்லை. ஆனால் மே முப்பத்தொன்றுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. பத்து நாளும் பிகாஷ் மெஸ்ஸில் ஊமையாக வேலை செய்தான். காலையில் வெங்காயம் அரிந்துவிட்டு மாடிக்குப் போவான், மத்தியானம் பரிமாற வருவான், மறுபடி மாடிக்குப் போவான். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பான். ஒருநாள் அவன் நோட்டுப் புத்தகம் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒடியா எழுத்து, நடுநடுவே அம்புக்குறிகள். முத்துராணியால் படிக்க முடியவில்லை.

முப்பதாம் தேதி மறுதேர்வு. முத்துராணி கதவோரமாக நின்று பார்த்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?" என்று தொடங்கினான் பிகாஷ்.

"கொற்கை."

"நல்ல ஊருல்லா. பழைய ஊரு. கொற்கையில எங்கன?"

"கோயிலுக்குப் பக்கம்."

"வடக்கயா, தெக்கயா?"

"கொஞ்சம் கெழக்க."

"கெழக்கன்னா கொளத்தங்கரை ஓரமா? அதுக்கும் அங்குட்டா?"

நடராஜ் நாற்காலியில் லேசாக நெளிந்தார். பிகாஷ் விடவில்லை. சிரித்த முகம், பணிவான குரல். "கோயில் கொடைக்கு சார் வீட்டுல என்ன முறை செய்வீய? அம்மா பொறந்த ஊரு எது? தங்கச்சியக் கெட்டிக் குடுத்தது எந்தப் பக்கம்?" ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தது. ஒன்றில்கூட அந்தச் சொல் இல்லை. ஏழாவது கேள்வியில் நடராஜின் நெற்றி வேர்த்துவிட்டது. இருபது வருடமாக அவர் சொல்லாமல் காத்து வந்த ஒன்றை இன்னும் ஒரு கேள்வியில் சொல்லிவிடுவார் போலிருந்தது. நல்லவேளையாக மணி அடித்தது. குற்றாலலிங்கம் எழுந்து நின்று கைதட்டினார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

ஏழாவது கட்டத்தில் 'தாய்மொழியாளருக்கு நிகர்' என்று எழுதி முத்திரை குத்தினார்கள். இதில் அவன் யாரென்று எங்கே இருக்கிறது என்று முத்துராணி கேட்டாள். "அது இனித் தேவைப்படாதும்மா," என்றார் குற்றாலலிங்கம். "கேக்கத் தெரிஞ்சவன யாரும் திருப்பிக் கேக்க மாட்டாவ."

அவர் சொன்னது அப்படியே பலித்தது. சாவி வாங்கப் போன பிகாஷ் ஞானம்பாள் அம்மாளிடம் அவருடைய பூர்வீகத்தைப் பற்றி இரண்டு கேள்வி பணிவாகக் கேட்டான். இத்தனை வருடத்தில் அதைக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். பாட்டனார் நிலம், பெரியப்பா உத்தியோகம், எந்த ஊரில் பெண் எடுத்தது, எந்த ஊரில் எடுக்காமல் விட்டது, எல்லாம் சொல்லி முடித்துச் சாவியையும் கொடுத்து அனுப்பினார். அவனை ஒன்றும் கேட்கவில்லை. மறந்தே போய்விட்டார்.

சுமித்ராவும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. முத்துராணிக்கு அந்த ஒரு மாதத்து எரிச்சலெல்லாம் போய்விட்டது. நிலையத்தைப் பற்றித் தான் நினைத்ததெல்லாம் வீண் சந்தேகம், படித்தவர்கள் ஏதோ அவர்கள் வழியில் நல்லது செய்கிறார்கள் என்றுகூட நினைக்க ஆரம்பித்தாள்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, தோளில் பையோடு ஒருவன் மெஸ் வாசலில் வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். தசரத் என்று பெயர் மட்டும் சொன்னான், மிச்சத்துக்குக் கையைக் காட்டினான். வேலை வேண்டும். ஊர்க்காரன் ஒருவன் இங்கே இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மெஸ்ஸுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. பிகாஷ் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

இருவரும் ஒடியாவில் பேசினார்கள். முத்துராணி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒடியாவில் ஒரு சொல்லும் தெரியாது. பிகாஷ் ஏதோ கேட்டான். சொந்த மொழியைக் கேட்ட சந்தோஷத்தில் தசரத் சிரித்துக்கொண்டே நிறையச் சொன்னான். பிகாஷ் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டான். பதில் கொஞ்சம் சுருங்கியது. மூன்றாவது கேள்விக்கு தசரத் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். நான்காவது கேள்வி மிகப் பணிவாக, சிரித்த முகத்தோடு வந்தது. தசரத் தரையைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னான். முத்துராணிக்கு முழுதும் புரிந்துவிட்டது.

பிகாஷ் திரும்பி வந்து வெங்காயத்தை எடுத்தான்.

"ஆளு பரவால்லக்கா. நல்லா வேல செய்வான். ஆனா பின்னால பாத்திரம் கழுவட்டும். சோத்துப்பானை, கொழம்புச்சட்டி இதெல்லாம் தொட வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

இதே வாக்கியத்தை முத்துராணி தன் பத்தொன்பதாவது வயதில் ஆழ்வார்குறிச்சிக் கல்யாண வீடு ஒன்றில் கேட்டிருக்கிறாள். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு, அவளைப் பின்வாசலுக்கு அனுப்பியபோது சொன்னது. அதன் பிறகுதான் அவள் ஊரைவிட்டு வண்ணார்பேட்டை வந்தாள். இந்த ஐந்து வருடத்தில் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவன் இவன் ஒருவன்தான். அதற்காகவே இவனைத் தம்பி என்று நினைத்தாள். இவனுக்காக மாடியேறி, மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"இத நிலையத்துல சொல்லிக் குடுத்தாவளாலே?"

"இல்லக்கா," என்றான் பிகாஷ், அரிவதை நிறுத்தாமல். "இது எங்க ஊர்லயே தெரியும். தமிழ்ல எப்படிக் கேக்கதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவன் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் பெருமைதான் இருந்தது. முத்துராணி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்குப் போனாள். தசரத்தின் தோளிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள். அவனைச் சோத்துப்பானைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்திக் கரண்டியைக் கையில் கொடுத்தாள். அவன் பிகாஷைப் பார்த்தான். அங்கே பார்க்க வேண்டாம், இங்கே பார் என்று அவன் முகத்தைத் திருப்பிவிட்டாள்.

பிகாஷின் கத்தி நின்றுபோயிருந்தது. எதையோ சரிசெய்கிற குரலில் அவன் கேட்டான். "அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாதுக்கா. நான் தமிழ் சொல்லிக் குடுக்கட்டா?"

"வேண்டாம்லே," என்றாள் முத்துராணி. "அவன் பேசாமலே இருக்கட்டும்."